சோறும் கூரையும் தரும் தொண்டு நிறுவனங்களுக்கு அரசுப் பணம் எந்த வழியில் வரும்?

சென்னையில் ராத்திரி நேரத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கும் குழுக்களும், வீடில்லாதவர்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் அறக்கட்டளைகளும் நிறைய இருக்கின்றன. கைக்காசும் நன்கொடையும் தீர ஆரம்பிக்கும்போது எல்லாருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான்: இதற்கு அரசாங்கம் ஏதாவது கொடுக்குமா?

கொடுக்கும். ஆனால் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் சேர்த்து, ஒரே விண்ணப்பத்தில் வாங்கக்கூடிய நிதி என்று எதுவும் கிடையாது. தங்குமிடத்துக்கான பணம் மாநகராட்சி வழியாக வரும். உணவுக்கான உதவி பெரும்பாலும் ரொக்கமாக வராது. மலிவு விலைத் தானியமாகவோ, கட்டிய வரியில் ஒரு பங்காகவோ வரும். மழை வெள்ளக் காலத்து நிவாரணப் பணம் அரசுத் துறைகளின் கையைவிட்டு நகராது. மூன்றும் மூன்று கதவுகள். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நல்ல குழுக்கள் மாதக்கணக்கில் அலைவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

தங்குமிடம்: மாநகராட்சியின் காப்பகங்கள்

இதன் வேர் நீதிமன்றத்தில் இருக்கிறது. உணவு உரிமைக்காக 2001இல் உச்ச நீதிமன்றத்தில் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், 2010இல் டெல்லிக் குளிரில் தெருவோரம் மக்கள் இறந்ததையொட்டி, வீடற்றோர் தங்குமிடம் பற்றிய உத்தரவுகள் வந்தன. பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒன்று வீதம், ஆண்டு முழுவதும், 24 மணி நேரமும் இயங்கும் காப்பகம் வேண்டும் என்றது நீதிமன்றம். மத்திய அரசு 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதே அளவுகோலை எடுத்துக்கொண்டு, 'நகர்ப்புற வீடற்றோருக்கான தங்குமிடம்' என்ற உட்திட்டத்தை உருவாக்கியது. ஒரு லட்சம் பேருக்கு நூறு பேர் தங்கும் இடம், ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி என்பது அதன் விதி.

2011 கணக்கெடுப்பின்படி விரிவாக்கப்பட்ட சென்னையின் மக்கள்தொகை சுமார் 67 லட்சம். அந்தப் பழைய கணக்குக்கே 67 காப்பகங்களும் 6,700 படுக்கைகளும் வேண்டும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மண்டலத்தில் புதிய காப்பகம் கேட்டு மனு எழுதும்போது, 'ஏழைகள் கஷ்டப்படுகிறார்கள்' என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட இந்த விதியைச் சொல்லி, மண்டலத்தின் மக்கள்தொகையை எழுதி, இருக்கும் காப்பகங்களைப் பட்டியலிட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அதிகாரிக்கு வரும்.

சென்னையில் கட்டடம் மாநகராட்சியுடையது, நடத்துவது தொண்டு நிறுவனம் என்பதுதான் வழக்கமான ஏற்பாடு. ஆண்களுக்கு, பெண்களுக்கு, சிறுவர்களுக்கு, மனநலம் பாதித்தவர்களுக்கு என்று தனித்தனிக் காப்பகங்கள் உண்டு. அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் தங்கும் இடங்களும் இதே ஏற்பாட்டில் நடக்கின்றன. வெளியூரிலிருந்து வந்து, நடைபாதையில் பாய் விரித்துப் படுக்கிறவர்களுக்கு அந்த இடங்கள் பெரிய உதவி.

நடத்த யார் வரலாம்? பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்கள், சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்பு, வீடற்றோர் தாங்களே அமைத்த சங்கம், கல்வி நிறுவனம் என்று பலருக்கும் விதியில் இடம் உண்டு. மாநகராட்சி விருப்பம் கோரி அறிவிப்பு வெளியிடும். விண்ணப்பங்களைப் பார்த்துத் தேர்வு செய்து ஒப்பந்தம் போடும். அதற்கப்புறம்தான் பணம்.

முப்பத்து மூன்று ரூபாய்

விஷயத்தின் நடுப்பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டு நெறிகளில், 50 பேர் தங்கும் காப்பகத்தை நடத்த ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். ஐந்து ஆண்டுகள் வரை தரலாம். தொடக்கத்தில் மத்திய அரசு 75 பங்கும் மாநிலம் 25 பங்கும் போட்டன. பிறகு அது 60க்கு 40 ஆனது. 6 லட்சம் என்றதும் பெரிய தொகையாகத் தெரியும். வகுத்துப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 12,000, மாதத்துக்கு 1,000, நாளைக்கு 33 ரூபாய். மேலாளர், ஷிப்ட் மாற்றி வேலை பார்க்கும் பராமரிப்பாளர்கள் ஆகியோரின் சம்பளமும், மின்சாரமும், சுத்தம் செய்வதும், பாய் போர்வை துவைப்பதும், பூச்சி மருந்தும், முதலுதவிப் பெட்டியும் எல்லாம் அதற்குள். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு அதில் இடமே இல்லை. சமையலறை, பாத்திரம், கேஸ் இணைப்பு இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது; அரிசியையும் காய்கறியையும் யார் வாங்குவது என்பதற்கு அந்தத் தொகை பதில் சொல்லவில்லை.

காப்பகம் எடுக்க நினைக்கும் நிறுவனம் முதல் நாளே உணவுக்கான வழியைத் தனியாக யோசித்துவிட வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், உணவுக்கு மாநகராட்சி என்ன தருகிறது, மின் கட்டணம் யார் பெயரில் வரும், கழிவறை ரிப்பேர் யார் செலவு என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல் போதாது. அதிகாரி மாறினால் அந்தச் சொல்லும் போய்விடும்.

பணம் தவணையாக வரும். முதல் தவணையைச் செலவு செய்து, அரசுப் பொது நிதி விதிகளின் 12-அ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்தது நகரும். சான்றிதழ் தாமதித்தால் தவணை தாமதிக்கும். சரியாகக் கொடுத்தும் தாமதிப்பது உண்டு. மூன்று மாதச் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொள்ள முடியாத நிறுவனம் தனியாக இறங்காமல், வேறொரு நிறுவனத்தோடு சேர்ந்து எடுப்பது நல்லது. காப்பகத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு வையுங்கள். மற்ற நன்கொடையோடு கலந்துவிட்டால் ஆடிட்டருக்கும் தலைவலி, உங்களுக்கும் தலைவலி.

காப்பகத்தின் வாசல் மேசையில் கிடக்கும் நீள நோட்டை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. பெயர், வயது, சொந்த ஊர், யாரைத் தொடர்புகொள்வது, உடம்புக்கு என்ன, வந்த நேரம், போன நேரம், கையெழுத்து அல்லது கைநாட்டு. அந்த நோட்டுதான் உங்கள் பணத்துக்கு ஆதாரம். ஆய்வுக்கு வருகிறவர் முதலில் அதைத்தான் புரட்டுவார். பிறகு தலைகளை எண்ணுவார். உச்ச நீதிமன்றம் 2016இல் நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் குழு போட்டதும், காப்பகங்கள் உண்மையிலேயே இயங்குகின்றனவா, பணம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கத்தான். ஆகவே ஒருநாள் விடாமல் அன்றன்றைக்கே எழுதுங்கள். வந்தவரிடம் ஆதார் இல்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள். எந்த அட்டையும் இல்லாதவர்கள்தான் அங்கே வருவார்கள். அடையாள அட்டை, ரேஷன் அட்டை, ஓய்வூதியம் போன்றவற்றுக்கு வழி செய்து கொடுப்பது நடத்துபவரின் பொறுப்புகளில் ஒன்று.

இப்போதைய நிலையையும் சொல்லிவிட வேண்டும். அந்த இயக்கத்தின் காலம் 2024இல் முடிந்துவிட்டது. நகர்ப்புற வறுமை ஒழிப்புக்கான புதிய இயக்கம் இறுதி செய்யப்பட்டு வருகிறது, வீடற்றோர் தங்குமிடமும் அதில் இருக்கும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு தெரிவித்தது. ஆகவே அறிவிப்பு ஏதாவது வந்தால், பணம் எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை ஆண்டுக்கு என்று மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 33 ரூபாய்க் கணக்கை புதிய திட்டமாவது மாற்ற வேண்டும். சம்பளமும் விலைவாசியும் 2013இல் நின்றுவிடவில்லை.

உணவு: அரிசியாக ஒன்று, வரியாக ஒன்று

வீடற்றோரைப் பராமரிக்கும் தொண்டு நிறுவனங்களுக்காக மத்திய அரசு 2002-03 முதல் மாநிலங்களுக்குக் கூடுதல் தானியம் ஒதுக்கி வருகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கான பழைய விலை, அதாவது அரிசி கிலோ 5 ரூபாய் 65 காசு. நலவாழ்வு நிறுவனங்கள் மற்றும் விடுதிகள் திட்டம் என்று இதற்குப் பெயர். நிறுவனம் நேரடியாக டெல்லிக்கு எழுதி வாங்க முடியாது. மாநில அரசு கேட்டு, மாநிலத்துக்கு ஒதுக்கீடாகி, அதிலிருந்துதான் வரும். உணவுப் பொருள் வழங்கல் துறைக்கு மனு கொடுக்கும்போது தங்கியிருப்போர் பட்டியலை இணைக்க வேண்டும். மறுபடியும் அந்த நீள நோட்டுதான்.

இன்னொன்று, மத்திய கலாச்சார அமைச்சகம் 2018இல் கொண்டுவந்த சேவா போஜ் திட்டம். கோயில், குருத்வாரா, தர்கா, தேவாலயம், மடம், அறக்கட்டளை என யார் இலவசமாகச் சோறு போட்டாலும், மளிகைக்குக் கட்டிய மத்திய ஜிஎஸ்டியைத் திருப்பித் தருவார்கள். நெய், எண்ணெய், சர்க்கரை, வெல்லம், அரிசி, மாவு வகைகள், பருப்பு ஆகியவற்றுக்கு மட்டும். மூன்று ஆண்டுகளாகவாவது அன்னதானம் நடந்திருக்க வேண்டும். மாதத்துக்குக் குறைந்தது 5,000 பேர் சாப்பிட வேண்டும். நாளைக்கு 170 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் நூறு பொட்டலம் கொடுக்கும் தெருக் குழுவுக்கு இது பொருந்தாது.

பொருந்துகிறவர்களுக்கும் எவ்வளவு கிடைக்கும் என்று பாருங்கள். எண்ணெய்க்கு 5 சதவீத ஜிஎஸ்டி. வரிக்கு முன் 2,000 ரூபாய் விலையுள்ள டின்னுக்கு வரி 100. அதில் மத்தியப் பங்கு 50. அந்த 50தான் திரும்பி வரும். அரிசியில் இன்னொரு நெளிவு இருக்கிறது. 2022 ஜூலை முதல், பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத வரி. அதற்கு மேல் வரி இல்லை. கடைகளில் 26 கிலோ மூட்டைகள் தலைகாட்டியது அதனால்தான். சமையல் குழுக்கள் 26 கிலோ மூட்டையே வாங்கினால் வரியும் இல்லை, திருப்பிக் கேட்கும் வேலையும் இல்லை. சின்னக் குழுவுக்கு இந்த ஒரு தகவல், ஒரு திட்டத்தைவிட அதிகம் மிச்சப்படுத்தும்.

அம்மா உணவகம் தொண்டு நிறுவனங்களுக்கான நிதி அல்ல, மாநகராட்சியே நடத்துவது. ஆனால் 2013 பிப்ரவரியில் தொடங்கிய அந்தக் கடைகளில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3 என்பதால், காலை உணவைச் சமைக்க ஆளில்லாத காப்பகங்கள் பக்கத்துக் கடையைக் கணக்கில் சேர்த்துத் திட்டமிடலாம்.

வெள்ளம் வந்தால்

2015 டிசம்பரிலும் 2023இல் மிக்ஜாம் புயலின்போதும் சென்னைக்காரர்கள் தாங்களாகவே சமைத்து, இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார்கள். அந்தச் செலவை அரசு பிறகு திருப்பித் தரும் என்று நம்பி யாரும் கடன் வாங்க வேண்டாம். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் தற்காலிகத் தங்குமிடம், உணவு, உடைக்கு இடம் உண்டு. ஆனால் அது மாவட்ட நிர்வாகமும் மாநகராட்சியும் செலவு செய்யும் பணம். 2020 ஊரடங்கின்போது வீடற்றோருக்கும் புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கும் உணவும் இடமும் தர அந்த நிதியைப் பயன்படுத்த மத்திய அரசு அனுமதித்தபோதும் பணம் அரசு வழியாகத்தான் போனது. நிவாரண மையத்துக்குச் சமைத்துத் தரச் சொல்லி அலுவலர் கேட்டால், எத்தனை பேருக்கு, எத்தனை வேளை, என்ன விலை என்று எழுதிய பணி ஆணையை வாங்கிக்கொண்டு அடுப்பைப் பற்றவையுங்கள். மழை நேரத்தில் அது முடியாவிட்டால் ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது வேண்டும்.

அதே 2020இல் இன்னொரு நல்ல முன்மாதிரியும் நடந்தது. நிவாரணச் சமையல் நடத்தும் தொண்டு நிறுவனங்கள், ஏலத்தில் கலந்துகொள்ளாமலே இந்திய உணவுக் கழகத்திடம் ஒரு தடவைக்கு 1 முதல் 10 டன் வரை, அரிசி கிலோ 22 ரூபாய்க்கும் கோதுமை 21 ரூபாய்க்கும் வாங்கிக்கொள்ள அனுமதித்தார்கள். அடுத்த பேரிடரில் இதைக் கேட்டு வாங்க வேண்டும். முன்பு செய்ததை மறுபடி செய்யச் சொல்வது எளிது.

மழைக்கு முன் தயாராக வேண்டிய காகிதம்

எந்தக் கதவைத் தட்டினாலும் கேட்பது இவைதான்: சங்கப் பதிவு அல்லது அறக்கட்டளைப் பத்திரம், பான் அட்டை, வருமான வரித் துறையின் 12ஏ (நிறுவனத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) பதிவுகள், நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் எடுத்த எண், மூன்று ஆண்டு தணிக்கைக் கணக்கு. 12ஏ, 80ஜி இரண்டுக்கும் காலாவதி உண்டு. கடைசித் தேதியை இன்றைக்கே பாருங்கள். சமைத்துக் கொடுக்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் எடுக்க வேண்டும். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி (சிஎஸ்ஆர்) அரசுப் பணம் இல்லை. ஆனால் பசி ஒழிப்பும் பேரிடர் நிவாரணமும் சட்டப்படி அதில் வரும், அதற்கும் இதே காகிதங்களோடு சிஎஸ்ஆர்-1 படிவம் போதும்.

ஒரு எச்சரிக்கை. பெண்களையும் குழந்தைகளையும் தங்கவைக்க 2014ஆம் ஆண்டின் தமிழகச் சட்டப்படி பதிவு வேண்டும். பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகள் என்றால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழும் பதிவு வேண்டும். இரக்கப்பட்டு ஒரு குழந்தையை இரவோடு இரவாகக் காப்பகத்தில் வைத்துக்கொண்டால்கூடச் சட்டச் சிக்கல் வரும். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். பெண்களுக்கு 181, ஆதரவற்ற முதியவர்களுக்கு 14567. நடைபாதையில் மழையில் நனைந்து கிடக்கும் யாரையாவது பார்த்தால் மாநகராட்சியின் 1913. தெருப் பெயரோடு பக்கத்தில் இருக்கும் பேருந்து நிறுத்தத்தையோ கடையையோ சொல்லுங்கள், அவர் ஆணா பெண்ணா, நடக்க முடிகிறதா என்றும் சொல்லுங்கள். எந்தக் காப்பகத்துக்கு அழைத்துப்போவது, ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.