பின்தங்கி வரும் எண்: செஸ் ரேட்டிங் எப்படி உயர்கிறது?

மூன்று ஆட்டங்களில் வென்று ஒன்றில் மட்டும் தோற்ற ஒருவர், போட்டி முடிந்து பார்த்தால் ரேட்டிங் (ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண்) குறைந்திருக்கிறது. கணக்கில்தான் ஏதோ பிழை என்று தோன்றும். பிழை இல்லை. அவருடைய ரேட்டிங் 1800. எதிரில் உட்கார்ந்த நால்வருக்கும் 1600. ஒவ்வொரு வெற்றிக்கும் அவருக்குக் கிடைத்தது 4.8 புள்ளிகள். ஒரே தோல்வியில் போனது 15.2. மூன்று வெற்றிகளில் சேர்த்த 14.4-ஐயும் விழுங்கிவிட்டு, மேற்கொண்டு 0.8-ஐயும் அந்தத் தோல்வி கொண்டுபோய்விட்டது.

இந்தக் கணக்கைத் தந்தவர் ஆர்பாட் எலோ. 1903இல் ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர், வலுவான ஆட்டக்காரரும்கூட. அவருடைய முறையை அமெரிக்கச் செஸ் கூட்டமைப்பு 1960இலும், உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970இலும் ஏற்றுக்கொண்டன. முறையின் கரு எளிமையானது. ஒருவருக்குச் சராசரியாக எவ்வளவு மதிப்பெண் கிடைக்கும் என்ற கணிப்பை, ஆட்டம் தொடங்கும் முன்பே சூத்திரம் சொல்லிவிடுகிறது. இருவரும் சம ரேட்டிங் என்றால் ஆளுக்கு 0.50. நூறு புள்ளி அதிகம் உள்ளவருக்கு 0.64. இருநூறு அதிகம் என்றால் 0.76. ஆட்டம் முடிந்ததும், கிடைத்த முடிவிலிருந்து (வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை, தோல்விக்கு 0) அந்தக் கணிப்பைக் கழித்து, வரும் எண்ணை 'கே' என்ற பெருக்கியால் பெருக்குகிறார்கள். ஃபிடே விதிப்படி பெரும்பாலானவர்களுக்குக் கே 20. ஒருமுறை 2400-ஐத் தொட்டுவிட்டவருக்கு 10. முதல் 30 ஆட்டங்களை முடிக்காத புதியவர்களுக்கும், 2300-க்குக் கீழே இருக்கும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 40.

ஆக, சூத்திரம் எதிர்பார்த்தபடியே நீங்கள் ஆடிக்கொண்டிருந்தால் எத்தனை நூறு ஆட்டங்கள் ஆடினாலும் ரேட்டிங் இருந்த இடத்திலேயே சுற்றிவரும். அது நகர்வது, சூத்திரம் ஏமாறும்போது மட்டும். பலவீனமானவர்களாகத் தேடித் தேடி வென்று புள்ளி சேர்க்கலாம் என்ற நினைப்பு பலருக்கு உண்டு. மேலே பார்த்த 1800-காரரின் கதைதான் அதற்குப் பதில். வலுவானவர்களிடம் தோற்றால் இழப்பு குறைவு என்பதும் இதே தராசின் மறுதட்டு. எதிராளியைத் தேர்ந்தெடுப்பதால் லாபம் இல்லை. அந்த எண்ணுக்குத் தெரியாமல் நீங்கள் வளர்ந்திருக்க வேண்டும். இதைத் தவிர வேறு வழியைச் சூத்திரம் விட்டுவைக்கவில்லை.

வளர்ந்த பிறகும் எண் உடனே அசையாது. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் நல்ல பயிற்சியைப் பாதியில் கைவிடுகிறவர்கள் அதிகம் என்று நினைக்கிறேன். ஆறு மாதம் உழைத்து உங்கள் ஆட்டம் நூறு புள்ளி அளவுக்கு மேம்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பழைய ரேட்டிங்குக்குச் சமமானவர்களோடு ஆடும்போது, 0.50-ஐ எதிர்பார்க்கும் சூத்திரத்துக்கு நீங்கள் சராசரியாக 0.64 தருகிறீர்கள். மிச்சம் 0.14. கே 20 என்றால் ஆட்டத்துக்கு 2.8 புள்ளி. எண் ஏற ஏற அந்த மிச்சமும் சுருங்கும். ஏறும் வேகமும் குறையும். கதிரியக்கப் பொருளின் அரை ஆயுளைப் போன்ற வளைவு இது. கணக்கிட்டுப் பார்த்தால், கே 20 உள்ள ஒருவர் தன் உண்மையான திறனுக்கும் எண்ணுக்கும் இடையிலுள்ள தூரத்தில் பாதியைக் கடக்க ஏறத்தாழ 24 ஆட்டங்கள் ஆட வேண்டியிருக்கிறது. மீதியில் பாதிக்கு இன்னொரு 24. கே 40 உள்ள சிறுவருக்கு 12 ஆட்டங்கள் போதும். கே 10 உள்ள வலுவான ஆட்டக்காரருக்கு 48 வேண்டும். ஒன்பது சுற்றுப் போட்டி ஒன்றை ஆடிவிட்டு "என் பயிற்சி பலன் தரவில்லை" என்று சொல்கிறவர், விதைத்த மறுவாரம் மண்ணைக் கிளறிப் பார்க்கிறார்.

இதில் தற்செயலின் பங்கும் உண்டு. சமமான எதிராளிகளோடு ஒன்பது ஆட்டங்கள் ஆடினால், திறன் துளியும் மாறாமலே ரேட்டிங் 25, 30 புள்ளி மேலோ கீழோ போவது சாதாரணம். கே 40 என்றால் அந்த ஊசலாட்டம் இரண்டு மடங்கு. எலோவே தன் முறையின் எல்லையை நன்கு அறிந்திருந்தார். காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய அளவுகோலைக் கொண்டு, அலையும் நீரில் ஏறி இறங்கும் தக்கையின் இடத்தை அளப்பதற்கு அவர் இதை ஒப்பிட்டார். ஒரு போட்டியின் முடிவைக் கண்டு துள்ளவும் வேண்டாம், துவளவும் வேண்டாம்.

சரி, எண்ணுக்குத் தெரியாமல் வளர்வது எப்படி? அதற்கு முதலில், வலுவான ஆட்டக்காரரின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அவர் நம்மைவிடப் பல நகர்த்தல்கள் ஆழமாக யோசிக்கிறார் என்பதுதான் பொதுவான நம்பிக்கை. டச்சு உளவியலாளர் அட்ரியான் டி குரூட் 1940களில் இதைச் சோதித்தார். கிராண்ட்மாஸ்டர்களையும் அவர்களுக்குக் கீழ்ப்படியில் இருந்தவர்களையும் வாய்விட்டு யோசிக்கச் சொன்னார். யோசித்த ஆழத்தில் அவர் எதிர்பார்த்த அளவுக்குப் பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆனால் கிராண்ட்மாஸ்டர்களின் கண் சரியான நகர்த்தலின் மீது முதலிலேயே போய் விழுந்தது. 1973இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் இன்னொரு கேள்வியைக் கேட்டார்கள். உண்மையான ஆட்டத்தில் வந்த ஒரு நிலையை ஐந்து விநாடி காட்டி மறைத்துவிட்டு, காய்களைத் திரும்ப அடுக்கச் சொன்னார்கள். இருபத்துச் சொச்சம் காய்களில் மாஸ்டர் பதினாறு அளவுக்குச் சரியாக வைத்தார்; தொடக்கநிலை ஆட்டக்காரரால் நான்குதான் முடிந்தது. பிறகு காய்களைத் தாறுமாறாகக் கலைத்து வைத்துக் காட்டியபோது மாஸ்டரின் சாதகம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. மாஸ்டர் ஒவ்வொரு காயாகப் பார்ப்பதில்லை. நாம் எழுத்துக் கூட்டாமல் சொல்லை ஒரே வீச்சில் வாசிப்பதுபோல, கூட்டமாக நிற்கும் காய்களை ஒரே அமைப்பாகப் பார்க்கிறார்.

அப்படிப்பட்ட 'சொல்' ஒன்றை, அதாவது காய்களின் ஓர் அமைப்பை, அருகில் வைத்துப் பார்ப்போம். (பலகையின் நெடுவரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து; கிடைவரிசைகளுக்கு வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண்.) கருப்பு ராஜா எச்8 மூலையில். அவருடைய சொந்தச் சிப்பாய்கள் ஜி7-இலும் எச்7-இலும். கருப்பு யானை டி8-இல். வெள்ளைக் குதிரை எச்6-இல், வெள்ளை ராணி சி4-இல். நகர்த்த வேண்டியது வெள்ளை. பழக்கமில்லாதவர் ராணியைக் காப்பாற்றிக்கொண்டே தாக்க வழி தேடுவார். பழகியவரின் கை ராணியை நேராக ஜி8-இல் கொண்டுபோய் வைக்கும், ராஜாவுக்குப் பக்கத்திலேயே. குதிரை காவல் இருப்பதால் ராஜாவால் அதை வெட்ட முடியாது; யானைதான் வெட்டியாக வேண்டும். வெட்டிய யானை தன் ராஜாவுக்கு இருந்த கடைசிக் கதவையும் அடைத்துக்கொண்டு நிற்கும். குதிரை எஃப்7-க்குத் தாவும், செக்மேட். முதல்முறை பார்க்கிறவருக்கு இது மாயம். இருபதாவது முறை பார்க்கிறவருக்கு, மூலையில் அடைபட்ட ராஜாவும் அருகில் ஒரு குதிரையும் கண்ணில் பட்டாலே மனதில் மணி அடிக்கும்.

அந்த மணியை மனதில் கட்டுவதுதான் புதிர்ப் பயிற்சியின் வேலை. அதைச் செய்யும் விதத்தில்தான் பெரும்பாலும் தவறுகிறோம். விடையைப் பார்த்து "ஆமாம், அதுதானே" என்று தலையசைப்பது பயிற்சி ஆகாது. நினைவிலிருந்து தானே இழுத்து எடுக்கும்போதுதான் அமைப்பு ஆழப் பதிகிறது. எனவே காயைத் தொடாமல், கடைசி நகர்த்தல்வரை மனதுக்குள் பார்த்து முடித்த பிறகே விடையைத் திறக்க வேண்டும். தவறிய புதிரை ஓர் அட்டையில் எழுதி மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மீண்டும் எடுக்க வேண்டும். மறதி எப்படிச் சரிகிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே தன்னைத் தானே சோதித்துப் பதிவுசெய்துவிட்டார். ஒரே நாளில் நூறு புதிர் போட்டுவிட்டுப் பத்து நாள் ஓய்வு எடுப்பதைவிட, நாளுக்குப் பத்து என்பது நினைவுக்கு உகந்தது.

அமைப்புகளைச் சேர்த்துவிட்டால் போதுமா? போதாது. சேர்த்த அமைப்பே கண்ணைக் கட்டவும் செய்யும். மெரிம் பிலாலிச்சும் அவருடைய சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை என்னால் மறக்கவே முடியவில்லை. மேலே சொன்ன அடைபட்ட செக்மேட் கிடைக்கும் ஒரு நிலையை வலுவான ஆட்டக்காரர்களிடம் கொடுத்தார்கள். அதே நிலையில் அதைவிடக் குறுகிய வழி ஒன்றும் ஒளிந்திருந்தது. பழகிய வழியைக் கண்டுபிடித்தவர்கள், இன்னும் நல்ல வழி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருப்பதாகவே சொன்னார்கள். கருவியோ அவர்களுடைய கண்களைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தது. கண்கள் பழைய தீர்வுக்குரிய கட்டங்களையே திரும்பத் திரும்ப மேய்ந்தன. அவர்கள் பொய் சொல்லவில்லை. தேடுவதாகத்தான் உண்மையிலேயே நம்பினார்கள்.

என் ஆட்டம் ஒன்றில் இதை நான் நேராக அனுபவித்திருக்கிறேன். என் ராஜா ஜி1-இல் இருந்தது. டி4-இல் காவலில்லாத ஒரு கருப்புச் சிப்பாய். அதை ராணியால் வெட்டினேன். ஒரு சிப்பாய் லாபம்; அங்கிருந்து என் ராணி எஃப்4-இல் நிற்கும் கருப்புக் குதிரையையும் குறிவைக்கிறது என்ற மகிழ்ச்சி வேறு. அந்தக் குதிரை இ2-க்குத் தாவி ராஜாவுக்குச் செக் வைத்தது. இ2-இலிருந்து ஜி1-இல் என் ராஜா, டி4-இல் என் ராணி, இரண்டும் அதன் தாவலுக்குள். ஒரே தாவலில் இரண்டைத் தாக்கும் குதிரையின் ஃபோர்க் எனக்குத் தெரியாததா? நூற்றுக்கணக்கான புதிர்களில் போட்டிருக்கிறேன். ஆனால் அவை எல்லாவற்றிலும் குதிரை என்னுடையது.

மிஷெல் கவுலியும் ரூத் பைர்னும் 2004இல் காட்டியது இதைத்தான். தேர்ந்தவர்கள் தாங்கள் நினைத்த நகர்த்தலை உடைக்கும் பதிலைத் தேடுகிறார்கள். அனுபவம் குறைந்தவர்கள் தங்கள் திட்டத்துக்கு ஒத்துழைக்கும் பதிலையே எதிராளி ஆடுவார் என்று கற்பனை செய்கிறார்கள். இடைநிலை ஆட்டக்காரர்களின் ரேட்டிங்கை மிக வேகமாக உயர்த்தக்கூடியது இந்த ஒரு பழக்கம் என்பது என் உறுதியான எண்ணம். நகர்த்தலை முடிவு செய்த பின், காயைத் தொடும் முன், மனதுக்குள் அதை ஆடிவிட்டு எதிராளியின் நாற்காலியில் உட்கார வேண்டும். அவருக்கு என்னென்ன செக் இருக்கிறது? எதை எதை வெட்டலாம்? எதை மிரட்டலாம்? இந்த வரிசையில் பார்க்க அரை நிமிடம் ஆகும். நான் அதைச் செய்திருந்தால் இ2 செக் முதல் கேள்வியிலேயே அகப்பட்டிருக்கும்.

அந்த அரை நிமிடம் கைவசம் இருக்க வேண்டுமே என்பதுதான் கடிகாரத்தின் பிரச்சினை. அறிந்த தொடக்கத்தில் இருபது நிமிடத்தைச் செலவழித்துவிட்டு, சிக்கலான நடுப்பகுதியில் விநாடிகளில் ஆடுகிறவர்கள் ஏராளம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பிறகு மீதி நேரத்தைத் தாளில் குறித்துவைத்தால், எங்கே கசிகிறது என்பது இரண்டே போட்டிகளில் தெரிந்துவிடும்.

தொடக்க ஆட்டங்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளைக்கு ஒன்று, கருப்புக்கு இரண்டு என்று தேர்ந்து, அவற்றில் காய்கள் ஏன் அங்கே போகின்றன என்பதைப் புரிந்துகொண்டால் நெடுங்காலம் போதும். இறுதி ஆட்டத்தில் முதலில் கற்க வேண்டியவை மூன்று: ராஜாவும் சிப்பாயும் தனி ராஜாவுக்கு எதிராக, யானை ஆட்டத்தில் வெல்வதற்கான லூசேனா நிலை, டிரா செய்வதற்கான பிலிடோர் நிலை.

உழைப்பின் அளவைப் பற்றியும் தரவுகள் உண்டு. நீல் சார்னெஸ் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஆடத் தொடங்கிய முதல் பத்தாண்டுகளில் கிராண்ட்மாஸ்டர்கள் தனியே அமர்ந்து படித்த நேரம் ஏறத்தாழ 5000 மணி. இடைநிலை ஆட்டக்காரர்களைவிட அது கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. போட்டிகளில் ஆடிய நேரத்தைவிட இந்தத் தனிப் படிப்பே ரேட்டிங்கோடு நெருங்கிப் பொருந்தியது. அதற்காக மணிக்கணக்கை மட்டும் நம்பிவிடவும் முடியாது. அர்ஜென்டினா ஆட்டக்காரர்களிடம் ஃபெர்னான்ட் கோபெட்டும் கில்லெர்மோ காம்பித்தெல்லியும் நடத்திய, 2007இல் வெளியான ஆய்வில், மாஸ்டர் நிலையை எட்ட ஒருவருக்கு ஏறக்குறைய 3000 மணி நேரமும் இன்னொருவருக்கு 23,000-க்கு மேலும் தேவைப்பட்டது.

தனிப் படிப்பில் மிகுந்த பலன் தருவது சொந்தத் தோல்விகள். கணினியைத் திறந்தால் ஒரே விநாடியில் பிழையைக் காட்டிவிடும். எது பிழை என்று அது சொல்லும், ஏன் அந்தப் பிழை நம் கையிலிருந்து வந்தது என்று சொல்லாது. ஆகவே தோற்ற ஆட்டத்தை முதலில் கணினி இல்லாமல் மறுபடி ஆடிப் பார்க்க வேண்டும். ஆட்டம் எங்கே திரும்பியது, அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடியது, எதிராளியின் எந்தப் பதிலை எதிர்பார்த்தோம் என்று சூட்டோடு சூடாக எழுதிவிட வேண்டும். அதன்பிறகே கணினி. இரண்டு பதிவுகளும் எங்கே முரண்படுகின்றனவோ அந்த நிலை அட்டையில் ஏற வேண்டும்.

அந்த இ2 நிலையும் என் அட்டைக் கட்டில் இருக்கிறது. அதைக் கருப்பின் பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல வரைந்து வைத்திருக்கிறேன்.