கால் அசையுதுன்னா டெண்டன் (தசைநாண்) நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லைங்க

மறுபடியும் ஒருத்தர். கோத்தகிரிப் பக்கம், நாப்பது வயசு இருக்கும், சாயங்காலம் ஷட்டில் ஆடுறப்ப பின்னாடி இருந்து யாரோ எட்டி உதைச்ச மாதிரி இருந்துச்சாம், திரும்பிப் பாத்தா யாருமே இல்ல. சுளுக்குன்னு எண்ணெய் போட்டு உருவி, கட்டுக் கட்டி, ஒரு மாசத்துக்கு மேல தேயிலைத் தோட்டத்துல ஏறி இறங்கிட்டு இப்ப வர்றாரு. "எக்ஸ்ரே நார்மல்தான் டாக்டர், நடக்கவும் செய்றேனே"ன்னு கேக்குறாரு.

அந்த "நடக்குறேனே"வைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போட சேக்குற அக்கிலிஸ் டெண்டன் முழுசா அறுந்தாலும் நடக்கலாங்க. பாதத்தைக் கீழ அழுத்தவும் முடியும், ஏன்னா விரலை மடக்குற தசை, கணுக்காலுக்கு ரெண்டு பக்கமும் ஓடுற தசைன்னு எல்லாம் சேந்து கொஞ்சம் சமாளிச்சிடும். வலியும் ரெண்டு நாள்ல குறைஞ்சிடும், அதுலதான் ஏமாந்துடுறாங்க. எக்ஸ்ரேல தெரியறது எலும்பு, டெண்டன் இல்ல.

கண்டுபிடிக்க பெரிய மெஷின் வேணாம். குப்புறப் படுக்க வச்சு, பாதத்தைக் கட்டிலுக்கு வெளிய தொங்கவிட்டு, கெண்டைக்கால் சதையை அமுக்கணும். நல்ல கால்ல பாதம் தானா அசையும், அறுந்த கால்ல அப்படியே கிடக்கும். குதிகாலுக்கு நாலஞ்சு சென்டிமீட்டர் மேல விரல வச்சா ஒரு பள்ளம் தட்டுப்படும். (ஜூனியர்களுக்கும் சொல்றேன், "பாதத்தை ஆட்டுங்க"ன்னு மட்டும் கேட்டுட்டு அனுப்பாதீங்க, கையால அமுக்கிப் பாருங்க.) சந்தேகம் இருந்தா அல்ட்ராசவுண்ட்.

சீக்கிரம் வந்தா நிறையப் பேருக்கு ஆபரேஷனே தேவைப்படாது. விரல் கீழ பாக்குற மாதிரி மாவுக்கட்டு, அப்புறம் குதிகாலுக்கடியில ஆப்பு வச்ச பூட்ஸ், வாரம் போகப் போக ஆப்பைக் குறைப்போம், எப்படியும் 8 வாரம் பிடிக்கும். சிலருக்குத் தையல் போடறது நல்லது, அது வயசையும் வேலையையும் பொறுத்தது. 4 வாரம் தாண்டிட்டா அறுந்த முனை மேல ஏறிப்போயிடும், அப்ப கால் கட்டைவிரலை மடக்குற தசைநாணை எடுத்து இங்க மாத்திக் கட்டுற அளவுக்குப் போகும். விளையாட்டெல்லாம் ஆறு மாசத்துக்கு அப்புறந்தான்.

தயவுசெஞ்சு உருவ விடாதீங்க. படி ஏறாதீங்க, ஐஸ் வச்சு, காலைத் தூக்கி வச்சுட்டு உடனே வாங்க. சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக்கோ, ஸ்டீராய்டோ சாப்பிட்டிருந்தா மறைக்காம சொல்லுங்க, அதெல்லாம் டெண்டனை பலவீனமாக்கும். கட்டு போட்டிருக்கறப்ப கெண்டைக்கால் வீங்கி வலிச்சாலோ மூச்சு வாங்கினாலோ ரத்தம் உறைஞ்சிருக்கலாம், காலையில முதல் பஸ்ஸுல வரலாம்னு இருக்காதீங்க, ராத்திரியானாலும் வண்டி பிடிச்சு வந்துடுங்க.