துளியிழுப்பு

இறால் குஞ்சு விடுவதற்கு முன் வெண்புள்ளி என்ற வைரஸ் நோய்க்குப் பிசிஆர் சோதனை (கிருமியின் டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறிவது) பார்ப்பது இராமநாதபுரம் கரையோரப் பண்ணைக்காரர்களுக்குத் தெரிந்த வேலை. அந்தச் சோதனையை உள்ளங்கையளவுச் சில்லில் (‘சிப்’) செய்ய உதவும் முறைகளில் ஒன்று ‘மேக்னெட்டிக் டிராப்லெட் மேனிபுலேஷன்’. ‘காந்தத் துளிக் கையாளல்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பிழையில்லை. ஆனால் எது எதை இழுக்கிறது என்பது அதில் மறைந்துபோகிறது.

காந்தம் தண்ணீரை இழுக்காது. மிக மெல்லத் தள்ளவே செய்யும். துளிக்குள் இருக்கும் இரும்பு ஆக்சைடு நுண்மணிகளைத்தான் அது இழுக்கிறது. மணிகள் துளியின் விளிம்பில் குவிந்து முட்ட, பரப்பு இழுவிசை அவற்றை வெளியே விடாமல் தாங்க, துளி முழுவதும் பின்னால் வருகிறது. கரைவலையில் கயிற்றை இழுக்க மடியோடு மீன் வருவதுபோல. அதனால் ‘துளியிழுப்பு’ என்பதே பொருந்தும்.

‘காந்தம்’ வடசொல். அயஸ்காந்தம் என்றால் இரும்புக்குப் பிரியமானது. ‘மேக்னெட்’ மக்னீசியா என்ற கிரேக்க இடப்பெயரிலிருந்து வந்தது. ‘டிராப்லெட்’ என்பதற்கு அலை தெறிக்கும் ‘திவலை’ அழகான சொல்தான். ஆனால் திவலை சிதறுவது. இங்கே துளி சிதறாமல் ஒன்றாக நிற்க வேண்டும். ஆகவே துளியே சரி. ‘சில்லு’ பாண்டியாட்டத்தில் கட்டம் கட்டமாகத் தள்ளும் ஓட்டுத் துண்டு. இதில் சில்லு அசையாது, துளிதான் கட்டம் தாண்டும்.

செய்முறை: இறாலின் செவுளையோ நீந்துகாலையோ செல்களை உடைக்கும் குவானிடின் உப்புக் கரைசலில் நசுக்கினால், சிலிக்கா பூசிய மணிகளில் டிஎன்ஏ ஒட்டும். டெஃப்லான் பூசிய பரப்பில் அந்தக் கரைசலின் 10 மைக்ரோலிட்டர் துளி மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த உருண்டையாக நிற்கும். அடியில் காந்தத்தை நகர்த்தி மணிகளைக் கழுவுதுளிகளுக்கும், பிறகு டிஎன்ஏவைக் கழற்றும் தண்ணீர்த் துளிக்கும் கொண்டுபோக வேண்டும். அந்தத் தண்ணீரைப் பிசிஆர் கலவையோடு சேர்த்து 95, 60, 72 டிகிரியில் மாற்றி மாற்றிச் சூடேற்றுவார்கள். ஆவியாகாமல் இருக்க மேலே மினரல் ஆயில்.

கெடுவது பெரும்பாலும் கழுவும் இடத்தில். கழுவப் பயன்படும் 70 விழுக்காடு எத்தனாலின் பரப்பு இழுவிசை தண்ணீரினதில் பாதிக்கும் குறைவு, டெஃப்லான்மேல்கூடப் பரவிவிடும். அதைக் குழியில் வைப்பதே பாதுகாப்பு. எத்தனால் மிச்சமிருந்தால் பிசிஆர் நொதி முடங்கும். மணிகளை அளவுக்குமேல் உலர்த்தினால் டிஎன்ஏ கழன்று வராது.

காந்தத்தை வேகமாக இழுத்தால் மணிகள் துளியைப் பிய்த்துக்கொண்டு வெளியேறும். இதற்கு ‘மணிபிரிவு’ என்று தனிச்சொல் தேவை, ஏனெனில் ஒரு துளியிலிருந்து அடுத்ததற்கு மணியை மட்டும் மாற்ற இதையே வேண்டுமென்று செய்கிறார்கள். மணி போதாவிட்டால் துளி நகராது. கடற்காற்றில் திறந்து கிடந்த சில்லில் உப்புப் படிந்தாலும் துளி அங்கேயே ஒட்டிக்கொள்ளும்; சில்லைப் பயன்படுத்தும் நேரம்வரை உறையிலேயே வையுங்கள்.