எது முதலில் என்பதை ஒவ்வொரு கிளாஸும் தனித்தனியாக முடிவு செய்யக் கூடாது

ஜாவா கோட் ரிவ்யூவில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிழை இது. கம்பைல் ஆகும், டெஸ்ட் பாஸ் ஆகும், புரொடக்‌ஷனில் பல நாள் ஒழுங்காக ஓடிவிட்டு ஒருநாள் திடீரென்று விழும்.

பில் கட்டும் ஆப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கட்ட வேண்டிய எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு இன்டர்ஃபேஸ், அதில் கடைசித் தேதியும் தொகையும் கிடைக்கும். கரன்ட் பில், கடன் தவணை, ஓடிடி சந்தா மூன்றும் அதை இம்ப்ளிமென்ட் செய்கின்றன. வரிசைப்படுத்த வேண்டும் என்றதும் இன்டர்ஃபேஸைக் கம்பேரபிள் (தன்னை இன்னொன்றோடு ஒப்பிடத் தெரிந்தது) ஆக்கிவிட்டு, ஒப்பிடும் மெத்தடை (முந்தினால் மைனஸ், பிந்தினால் பிளஸ், சமமானால் பூஜ்யம் தரும்) அந்தந்த கிளாஸ்காரர் அவரவர் இஷ்டத்துக்கு எழுதிவிடுகிறார்கள். தவணையை எழுதியவர் தேதியைப் பார்க்கிறார், சந்தாவை எழுதியவர் தொகையைப் பார்க்கிறார். சரி, 5ஆம் தேதி கட்ட வேண்டிய 9,000 ரூபாய் தவணையும் 10ஆம் தேதி கட்ட வேண்டிய 300 ரூபாய் சந்தாவும் சந்தித்தால்? தேதி முந்துகிறது, நான்தான் முதல் என்று தவணை சொல்லும். தொகை குறைவு, நான்தான் முதல் என்று சந்தா சொல்லும். டைப் எல்லாம் பொருந்துவதால் கம்பைலர் வாயே திறக்காது.

2011இல் வந்த ஜாவா 7 முதல் ஆப்ஜெக்ட் பட்டியல்களை வரிசைப்படுத்துவது டிம்சார்ட் என்ற அல்காரிதம்தான், டிம் பீட்டர்ஸ் 2002இல் பைத்தானுக்காக எழுதியது. இந்த முரண்பாடு அதன் கண்ணில் பட்டால், ஒப்பீடு விதியை மீறுகிறது என்று எக்செப்ஷன் எறியும். ஆனால் அந்தச் சோதனை, வரிசையான துண்டுகளை ஒன்றாகச் சேர்க்கும், அதாவது மெர்ஜ் செய்யும் இடத்தில்தான் இருக்கிறது; 32க்கும் குறைவான உறுப்புகள் என்றால் மெர்ஜே கிடையாது, ஒவ்வொன்றாக உரிய இடத்தில் செருகும் பைனரி இன்செர்ஷன் சார்ட்டோடு வேலை முடிந்துவிடும். 10 பில்லை வைத்து டெஸ்ட் எழுதினால் எக்செப்ஷன் வரவே வராது, பெரிய பட்டியலிலும் எப்போதாவதுதான் வரும். மற்ற நேரமெல்லாம் வரிசை சத்தமில்லாமல் தப்பாக இருக்கும், அதுதான் எனக்குப் பெரிய கவலை. பழைய மெர்ஜ் சார்ட்டுக்கே திரும்ப ஒரு சிஸ்டம் பிராப்பர்ட்டி உண்டு, அதைப் போட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். எக்செப்ஷன் போகும், தப்பு வரிசை போகாது.

இன்டர்ஃபேஸ் தகவலை மட்டும் கொடுக்கட்டும், ஒப்பீடு வெளியே ஒரே கம்பேரட்டரில், அதாவது ஒப்பிடுவதற்கென்றே உள்ள தனி ஆப்ஜெக்ட்டில் இருக்கட்டும். ஜாவா 8இலிருந்து இதை, முதலில் தேதி, சமமானால் தொகை, தேதி இல்லாதவை கடைசியில் என்று சில வரிகளில் கோத்துவிடலாம். நாளைக்குத் தொகைப்படி ஒரு வரிசை கேட்டால் இன்னொரு கம்பேரட்டர், எந்த கிளாஸையும் தொட வேண்டாம்.

அப்புறம், தொகையை ஒப்பிடுகிறேன் என்று ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்காதீர்கள். இன்ட்டில் (ஜாவாவின் 32 பிட் முழு எண்) பைசாவாக வைத்திருக்கிறீர்கள், ஒருபக்கம் ஒன்றரைக் கோடி ரூபாய், மறுபக்கம் ரீஃபண்டாக மைனஸ் ஒரு கோடி ரூபாய் என்றால் வித்தியாசம் 250 கோடி பைசா. இன்ட்டின் எல்லையோ சுமார் 214.7 கோடி. விடை மைனஸில் போய் வரிசை தலைகீழாகும். இன்டிஜர் கிளாஸிலேயே கம்பேர் மெத்தட் இருக்கிறது, அதைக் கூப்பிட்டால் போதும்.

டெஸ்டில் எல்லா கிளாஸையும் கலந்து போட்டு, ஒவ்வொரு ஜோடியையும் இரண்டு திசையிலும் ஒப்பிட்டு, குறி எதிரெதிராக வருகிறதா, சமம் என்றால் இரண்டு பக்கமும் பூஜ்யம்தானா என்று பாருங்கள். மேலே சொன்ன தவணை, சந்தா குளறுபடி இரண்டே ஆப்ஜெக்ட்டில் மாட்டிக்கொள்ளும்.