தாத்தா வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வேண்டும்

"பரண்ல கிடந்த பழைய துப்பாக்கி சார், அதுக்குமா கேஸ்?" ஆயுதச் சட்ட வழக்கில் ஒருவர் கைதானதும் அவரது குடும்பத்தார் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. குழல் வாய் வழியாகக் கருமருந்தைப் போட்டு, கம்பியால் இடித்து, ஈயக் குண்டையோ பால்ரஸையோ திணித்துச் சுடுகிற துப்பாக்கியைத்தான் சொல்கிறார்கள். தோட்டா கிடையாது, ஒருமுறை சுட்டால் மறுபடி நிரப்ப நேரமாகும். அதனால் சட்டம் இதைக் கண்டுகொள்ளாது என்று பலர் உண்மையாகவே நம்புகிறார்கள்.

இணையத்துக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், 1898 வரை தயாரான துப்பாக்கிகளைப் பழம்பொருளாகக் கருதி விலக்குகிறது. தோட்டா போட முடியாத கருமருந்துத் துப்பாக்கி நேற்று செய்ததாக இருந்தாலும் பெரும்பாலும் அந்த விலக்குக்குள் வந்துவிடும். அந்த ஊர் வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே ஒன்றை வாங்கி வைத்தால் சிறைதான்.

நம் ஊரில் துப்பாக்கியின் வயது கணக்கில் வராது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆவது பிரிவு வழக்கொழிந்த, பழமை மதிப்புள்ள, பழுதான ஆயுதங்களுக்கு விலக்குத் தருவது நிஜம். ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் அது இருக்க வேண்டும். "பழுது பார்த்தாலும்" என்ற இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். துருப்பிடித்து விசை இறுகிய துப்பாக்கியைக் கொல்லர் ஒருவர் சரிசெய்துவிட முடியும் என்றால் விலக்கு போய்விட்டது. தடய அறிவியல் நிபுணரின் அறிக்கைதான் அங்கே வழக்கின் போக்கைத் தீர்மானிக்கும்.

இந்த வகைத் துப்பாக்கியைச் சட்டம் மறந்துவிடவும் இல்லை. பயிர்ப் பாதுகாப்புக்கு இதற்கு லைசென்ஸ் தருவதைப் பற்றி 13ஆவது பிரிவே பேசுகிறது. ஆகவே கேட்டு வாங்க வழி இருக்கும்போது கேட்காமல் வைத்திருந்தது ஏன் என்ற கேள்வி நீதிமன்றத்தில் வரும்.

2019 திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். செய்து விற்றால் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரை போகலாம். கருமருந்து தனியே 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தில் வரும். காட்டில் பிடிபட்டால் வனவிலங்கு வழக்கும் சேரும்.

இந்தக் கண்டிப்பு தேவை என்றே நினைக்கிறேன். பிரிட்டனில் பழம்பொருள் விலக்கைப் பயன்படுத்தி வாங்கிய பழைய ரிவால்வர்களுக்குத் தோட்டா தயாரித்துக் குற்றக் கும்பல்களிடம் விற்றார்கள். 2021இல் அங்கே விதிகளை இறுக்க வேண்டிவந்தது. நாட்டுத் துப்பாக்கியிலோ குண்டில் தடம் பதிக்கும் சுழல் பள்ளங்கள் (வரிப்பள்ளம்) இல்லாத குழல், விழுந்து கிடக்கத் தோட்டாவின் வெற்றுக் கூடும் இல்லை. எந்தத் துப்பாக்கியிலிருந்து குண்டு வந்தது என்று நிரூபிப்பது கடினம். லைசென்ஸ் பதிவேடு இல்லாவிட்டால் விசாரணைக்குப் பிடிப்பே கிடைக்காது.

சரி, வீட்டில் ஒன்று இருக்கிறது, என்ன செய்வது? லைசென்ஸ் வைத்திருந்த அப்பா இறந்துவிட்டார் என்றால், தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். 21ஆவது பிரிவு சொல்வது அதைத்தான். வாரிசு பிறகு தன் பெயரில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். லைசென்ஸே இல்லாத துப்பாக்கி என்றால் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசி, அவர் மூலமாக ஒப்படையுங்கள். தயவுசெய்து கிணற்றில் போடாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து வைக்காதீர்கள். கையில் இல்லாவிட்டாலும், தெரிந்தே உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால் அது உங்கள் வசம் இருப்பதாகவே பொருள் என்று உச்ச நீதிமன்றம் 1972லேயே சொல்லிவிட்டது. அப்புறம் வாங்கி வைத்துக்கொண்ட அவரும் குற்றவாளிப் பட்டியலில் சேர்ந்துவிடுவார்.