சுண்டன் வள்ளம் ஏன் இவ்வளவு நீளம்?

ஓணம் வந்துவிட்டால் பம்பையில் ஆரன்முளை உத்திரட்டாதி, பாயிப்பாட்டு ஜலோத்சவம் என்று கேரளத்தில் வள்ளம்களிகள், அதாவது படகுப் பந்தயங்கள், வரிசைகட்டும். அவற்றில் ஓடும் பாம்புப் படகான சுண்டன் வள்ளத்தை முதல்முறை பார்ப்பவருக்கு ஒரு சந்தேகம் வரும். அகலம், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் அளவுதான். நீளமோ 30 முதல் 40 மீட்டர். எதற்கு இப்படி?

பதில் தண்ணீரில் இருக்கிறது. ஓடுகிற படகு தன் மூக்கில் அலையை எழுப்பிக்கொண்டே போகும். வேகம் இரட்டித்தால் அந்த அலையின் நீளம் நான்கு மடங்காகும். 10 மீட்டர் படகு விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தைத் தொடும்போது அலையும் 10 மீட்டராகிவிடும். முன்முனை ஒரு முகட்டில், பின்முனை அடுத்த முகட்டில். இன்னும் வேகம் கூட்டினால் பின்முனை பள்ளத்தில் இறங்க, மூக்கு தூக்கிக்கொள்ளும். தான் எழுப்பிய மேட்டில் தானே ஏறவேண்டிய கதி! அப்புறம் எவ்வளவு துழாவினாலும் பலமெல்லாம் அலையை வளர்ப்பதற்கே செலவாகும்.

சுண்டனுக்கு இந்தத் தொல்லை இல்லை. பந்தயத்தில் விநாடிக்கு நாலரை மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், அதன் அலை சுமார் 13 மீட்டர்தான். வள்ளத்தின் அடியில் இரண்டு மூன்று அலைகள் அடங்கிவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் உராய்வு. மீன் எண்ணெய், சிரட்டைக்கரி, முட்டை எல்லாம் கலந்து ஆஞ்சிலி மரத்தை வழுவழுப்பாக்குவது அதைக் குறைக்கத்தான்.

சரி, நீளம் வேகம் தருகிறது. கூடவே தலைவலியும் தருகிறது. எண்பது தொண்ணூறு பேர் ஒரே நொடியில் துடுப்பை இறக்கவேண்டும். ஒருவர் பிந்தினாலும் அவர் துடுப்பு பக்கத்துத் துடுப்பில் மோதும். தாளம் சொல்கிறவர் முன்முனையில் நின்று கத்தினால், பின்முனைக்குச் சத்தம் போய்ச்சேரப் பத்தில் ஒரு விநாடி ஆகும். அதனால்தானோ என்னவோ, தாளம் கொடுக்கும் நிலக்காரர்கள் நிற்பது வள்ளத்தின் நடுவில், வெடித்தடி என்கிற மேடையில். இடித்தடியால் அவர்கள் பலகையை ஓங்கி இடிக்கும்போது இரு முனைக்கும் தூரம் பாதியாகிறது. மரத்தின் வழியே அதிர்வு காற்றைவிடப் பல மடங்கு வேகமாகப் பாயும். கரையில் எத்தனை ஆயிரம் பேர் கூச்சலிட்டாலும் இடி உடம்புக்குத் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், இந்த வள்ளத்தில் மிக அழகான பொறியியல் இதுதான்.

இன்னொரு சிக்கல், திருப்புவது. நீளமான ஒல்லிப் படகு நேர்கோட்டை எளிதில் விடாது. ஆனால் ஒருமுறை விலகினால் மீட்பது கஷ்டம். அமரக்காரர்கள் பின்கோடியில் நின்று நீண்ட துடுப்பால் திசை திருப்புகிறார்கள். நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார்களோ, நெம்புகோல் கணக்குப்படி அவ்வளவு திருப்புவிசை.

ஆலப்புழையில் நடக்கும் நேரு கோப்பை வள்ளம்களியில், 2024-ல் காரிச்சால் சுண்டன் 4 நிமிடம் 29.785 விநாடியில் முடித்தது, வீயபுரம் 29.790. வித்தியாசம் 0.005 விநாடி, தூரத்தில் சுமார் இரண்டேகால் சென்டிமீட்டர். 1,200 மீட்டர் பாதையில் ஒரே ஒரு டிகிரி கோணலாக ஓடினாலே கூடுதலாகக் கடக்கவேண்டிய தூரம் 18 சென்டிமீட்டர்.