ஒரே கொலுசு, இரண்டு வரி: தமிழ்ப் பட்டியலில் லாம்டா போடுமுன்

சேலத்தில் வெள்ளிப் பட்டறைக்கும் சேகோ ஆலைக்கும் கணக்கு மென்பொருள் எழுதித் தருகிற தம்பி, தங்கைகளே, சரக்குப் பெயரைத் தமிழிலேயே வைத்தால் ஒரு விஷயத்தில் உஷாராக இருங்கள். பைத்தான் நிரலில் பெயர்ப் பட்டியலைச் சுத்தம் செய்ய, ஒவ்வொரு பெயருக்கும் ஒரே வேலையைச் செய்யும் மேப்புக்குள் (map) ஒரு லாம்டா (lambda, பெயரில்லாத குட்டிச் செயல்கூறு), அதற்குள் ஓர இடைவெளியை நீக்கும் ஸ்ட்ரிப் (strip), சின்ன எழுத்தாக்கும் லோயர் (lower) என்று போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். ஆங்கிலப் பெயருக்குப் பெரும்பாலும் அது போதும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது, லோயரால் ஒரு பயனும் இல்லை.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை ஒன்றின் இருப்புப் பட்டியலில் ‘கொலுசு’ இரண்டு வரியாக வந்துகொண்டிருந்தது, எடையும் இரண்டாகப் பிரிந்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நீளத்தை எண்ணும் லென் (len) போட்டுப் பார்த்தால் ஒன்று 6, மற்றது 7. நமக்கு அது மூன்றெழுத்துச் சொல், ஆனால் பைத்தான் எண்ணுவது யூனிகோட் குறியீடுகளை, அதாவது எழுத்துக்கும் குறிக்கும் கணினியில் தரப்பட்ட எண்களை; ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் பதியலாம், எந்தக் கருவியில் தட்டினார்கள் என்பதைப் பொறுத்தது அது. கொண்டலாம்பட்டி முகவரியிலும் இதே சிக்கல் வரும்.

சரி, என்ன செய்வது? முதலில் பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா (unicodedata) தொகுதியின் நார்மலைஸை (normalize) என்எஃப்சி (NFC, சேர்த்தெழுதும்) வடிவம் கேட்டுக் கூப்பிடுங்கள், அப்புறம் ஸ்ட்ரிப். பிரிந்து கிடக்கும் குறிகள் சேர்ந்துவிடும். ஔகாரத்தின் பின்பாதிக்கு ‘ள’வைத் தட்டி வைத்திருந்தால் மட்டும் இது திருத்தாது. இணையத்திலிருந்து நகலெடுத்த பெயரில் அகலமே இல்லாத இடைவெளி ஒட்டியிருந்தால் ஸ்ட்ரிப் அதைத் தொடாது, ரீப்ளேஸ் (replace) போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இத்தனையையும் ஒரே லாம்டாவில் திணிக்காதீர்கள். டெஃப் (def) போட்டுத் தனிச் செயல்கூறாக எழுதிப் பெயர் வையுங்கள். பிழை வந்தால் எந்தச் செயல்கூறில் வந்தது என்று அந்தப் பெயரே காட்டும், லாம்டாவுக்கு ‘லாம்டா’ என்று மட்டும்தான் வரும். தனியாகச் சோதிப்பதும் எளிது. இன்னொன்று, பைத்தான் 3-இல் மேப் தருவது பட்டியல் அல்ல, ஒரு தடவை ஓடினால் தீர்ந்துவிடும். மொத்தம் பார்த்த பிறகு அதையே பில்லுக்குக் கொடுத்தால் பில் காலியாக வரும். இரண்டு இடத்தில் வேண்டுமென்றால் லிஸ்ட்டாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வரும் பெயரை மட்டும் சரிசெய்தால் பழைய வரிகள் அப்படியே பிரிந்து கிடக்கும். டேட்டாபேஸில் ஏற்கெனவே இருப்பதையும், தேடல் பெட்டியில் தட்டுவதையும் அதே செயல்கூறு வழியாகவே அனுப்புங்கள். மாற்றுவதற்கு முன் பேக்கப் எடுத்துவிட்டு, ஒன்றாகிற வரிகளின் எடையைப் பட்டறைக்காரரோடு உட்கார்ந்து கூட்டிப் பார்த்துச் சேருங்கள்.